புதுப்பிப்பு: கேம் பாய் வேவ் சேனலில் பியானோ சாம்பிள்

பியானோ சாம்பிளை, அதாவது பதிவு செய்த ஒலித்துணுக்கை, பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயின் வேவ் சேனலுக்கு (நாம் கொடுக்கும் அலைவடிவத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சேனல்) இன்ஸ்ட்ருமென்டாக மாற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிப் பார்த்தாயிற்று. சத்தம் வருகிறது, பியானோதான் வரவில்லை.

அந்தச் சேனலின் அலை நினைவகம் வெறும் 16 பைட். ஆளுக்கு 4 பிட் வீதம் 32 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 16 உயரங்கள். ஆக, சாம்பிளிலிருந்து ஒரே ஒரு அலைச்சுற்றைத்தான் வெட்டிப் போட முடியும். ஆனால் பியானோவை அடையாளம் காட்டுவதே சுத்தியல் கம்பியில் விழும் அந்த முதல் கணமும், அப்புறம் ஒலி மெல்லத் தேய்வதும்தானே! தேய்வதையாவது வால்யூமில் கொண்டுவரலாம் என்றால், இங்கே இருப்பது முழுசு, பாதி, கால், மௌனம் என்று நான்கே நிலை. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி கேட்கிறது.

புல்லாங்குழல் போல நிலையாக ஒலிப்பவை பரவாயில்லை. மணியோசை தேறவே தேறாது. ஒரே சுற்று திரும்பத் திரும்ப ஓடினால் அடிச்சுரத்தின் முழு மடங்குகள் மட்டுமே கேட்கும். மணியின் மேல்சுரங்கள் அந்தக் கணக்கில் அடங்குவதில்லை.

நினைவகத்தை ஓடஓட மாற்றி எழுதி முழு சாம்பிளையும் ஒலிக்க வைக்கலாம், சரி. ஆனால் அது ப்ராசஸர் நேரத்தைத் தின்றுவிடும். அதனால் மெட்டை 16 நிலை வால்யூம் உள்ள பல்ஸ் சேனலுக்கு (சதுர வடிவ அலையை ஒலிப்பது) மாற்றிவிட்டேன். வேவ் சேனலில் இப்போது பேஸ் (கீழ்ச்சுரப் பகுதி) ஓடுகிறது.