புதுப்பிப்பு: சுண்ணாம்பு போட்டதும் காப்பி இலை சிறுத்த கதை

ஏற்காட்டுத் தோட்டத்தில் மண்ணைக் கிளறாமல், காப்பிச் செடியடியில் சுண்ணாம்பைத் தூவி விட்டேன், இப்போது கொழுந்து குறுகிக் கொத்தாக நிற்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். நோய் என்று சொன்னவர்கள் மன்னிக்கணும், நோய் இல்லை. துத்தநாகக் குறை.

இந்தத் தடவை மண்ணை இரண்டு ஆழத்தில் தனித்தனியாக எடுத்தேன். மேல் இரண்டு அங்குலத்தில் பி.எச். (மண்ணின் புளிப்பு-கார அளவு, 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 7.2, அரை அடிக்குக் கீழே 5.2. மொத்தமாகக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் எல்லாம் சரி என்றே வந்திருக்கும்! உழாத மண்ணில் சுண்ணாம்பு கீழே இறங்க வருஷக்கணக்காகும். காப்பியின் உணவு வேரோ மேல்மண்ணில்தான் அதிகம். அங்கே காரம் ஏறினால் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு எல்லாம் மண்ணில் இருந்தாலும் வேருக்குச் சரியாகக் கிடைக்காது, பி.எச். ஒன்று கூடினால் துத்தநாகம் கரைவது சுமார் நூறில் ஒரு பங்காகிவிடும். மாலிப்டினம் என்ற நுண்சத்து மட்டும் நேர்மாறு, காரம் ஏறினால் கூடுதலாகக் கிடைக்கும், ஓரத்து பீன்ஸ் செழித்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 2.5 கிராம் நீர்த்த சுண்ணாம்பு கலந்து இலையில் அடித்தேன் (ஆமாம், மறுபடி சுண்ணாம்புதான், இலை கருகாமலிருக்க). புதுக்கொழுந்து அகலமாக வருகிறது. பழைய இலை அப்படியேதான் இருக்கு. இனி சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக, பல தவணையில்தான்.