முழங்கால் உள்ளே மடிவதை எப்படித் திருத்துவது?

நண்பர்களே, 15 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பெண், யாரும் மோதாமலே, சட்டென்று திரும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிந்துவிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் என்று தெரிந்தும் மெத்தனமாக இருந்துவிட்டேன்.

இப்போது காயங்களைத் தடுப்பதற்கான ஃபிஃபா 11+ வார்ம்-அப், வாரம் இரண்டு முறை, 20 நிமிடம். ஓட்டமெல்லாம் சரி. குதித்து இறங்கும்போதுதான் சிக்கல்: பலருக்கு இரண்டு முட்டியும் உள்பக்கம் மடிந்து உரசுகின்றன. "முட்டி பாதத்துக்கு நேரே!" என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

நீங்கள் எப்படித் திருத்தினீர்கள்? பின்தொடைக்கான நோர்டிக் பயிற்சியை (மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடிக்க, மெல்ல முன்னால் சாய்வது) எத்தனை முறையில் தொடங்கலாம்? பிசியோ யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், "பந்து எப்போ சார்?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்பவர்களைச் சமாளிக்கவும் ஒரு வழி வேண்டும்.