வியட்நாமின் போட்டித்திறனை மதிப்பிட எந்தக் குறியீடுகளை எடுப்பது? ஐந்து தரவரிசைகளுக்குச் சராசரி எடுக்கலாமா?

நெய்தல் (கேள்வி)

வணக்கம். வளரும் பொருளாதாரம் ஒன்றின் உலக வணிகப் போட்டித்திறனையும் டிஜிட்டல் போட்டித்திறனையும் மதிப்பிட்டு ஓர் அறிக்கை எழுத வேண்டும். வியட்நாமை எடுத்திருக்கிறேன். இதுவரை திரட்டியவை: உலக வங்கியின் தொழில் நடத்தும் எளிமைப் பட்டியல் 2020-இல் 70-ஆவது இடம், உலகப் பொருளாதார மன்றத்தின் போட்டித்திறன் குறியீடு 2019-இல் 67, உலகப் புத்தாக்கக் குறியீடு 2024-இல் 44, ஐ.நா. மின்னாளுகைக் குறியீடு 2024-இல் 71, உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துக் குறியீடு 2023-இல் 43. ஐந்துக்கும் சராசரி 59 வருகிறது. இதையே ஒட்டுமொத்த மதிப்பாகக் கொடுக்கலாமா?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். சுவிட்சர்லாந்தின் மேலாண்மைக் கல்லூரியான ஐஎம்டி வெளியிடும் டிஜிட்டல் போட்டித்திறன் பட்டியலில் (2024, 67 நாடுகள்) வியட்நாமே இல்லை. அதற்குப் பதிலாக எதை வைப்பது? 2023-இல் ஜிடிபியில் டிஜிட்டல் பொருளாதாரத்தின் பங்கு 16.5% என்று ஓரிடத்திலும் 12% சொச்சம் என்று வேறோரிடத்திலும் பார்த்தேன். இரண்டுமே அரசு எண்கள்தான். எது சரி?

எண்கணக்கன்

சராசரி வேண்டாம். உங்கள் ஐந்து எண்களின் அடியில் இருக்கும் மொத்த நாடுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 190, 141, 133, 193, 139. ஒவ்வொன்றையும் மேலிருந்து எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று மாற்றினால் முறையே 36.8, 47.5, 33.1, 36.8, 30.9 வரும். 67 என்பது 70-ஐயும் 71-ஐயும் விட நல்ல இடம்போலத் தெரிகிறது. உண்மையில் ஐந்தில் அதுதான் ஆக மோசமான இடம்.

அதைவிடப் பெரிய சிக்கல், முதல் இரண்டும் நின்றுபோன குறியீடுகள். தொழில் நடத்தும் எளிமைப் பட்டியலை 2021 செப்டம்பரில் உலக வங்கி கைவிட்டது. 2018, 2020 பதிப்புகளில் சில நாடுகளின் தரவில் முறைகேடு இருந்தது தெரியவந்ததுதான் காரணம். தவிர, பெரும்பாலான நாடுகளில் அது மிகப் பெரிய வணிக நகரம் ஒன்றை மட்டுமே அளந்தது. வியட்நாமுக்கு ஹோ சி மின் நகரம். மாகாணங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உலகப் பொருளாதார மன்றத்தின் குறியீட்டிலும் 2019-க்குப் பிறகு தரவரிசை வரவில்லை. வரலாறு சொல்லும் பத்தியில் இரண்டையும் குறிப்பிடலாம். இன்றைய நிலைக்குச் சான்றாக வைக்கக் கூடாது.

தொழில் சூழலுக்கு, கைவிட்ட பட்டியலுக்குப் பதிலாக உலக வங்கி கொண்டுவந்த பி-ரெடி அறிக்கையை எடுங்கள். 2024 அக்டோபரில் வந்த முதல் பதிப்பின் 50 நாடுகளில் வியட்நாம் உண்டு. ஒட்டுமொத்த இடம் என்று ஒன்றைத் தராமல், சட்ட விதிமுறை, பொதுச் சேவை, நடைமுறைச் செயல்திறன் என்று மூன்று தூண்களுக்கும் தனித்தனி மதிப்பெண் தருகிறது. அந்த 50 நாடுகளின் சராசரி விதிமுறையில் 65.5, பொதுச் சேவையில் 49.7. காகிதத்தில் இருக்கும் சட்டத்துக்கும் அலுவலகத்தில் நடப்பதற்கும் இடையிலான தூரம் அது. வியட்நாமுக்கும் இந்த இடைவெளியைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

இடத்தைவிட மதிப்பெண்ணை நம்புங்கள். சரக்குப் போக்குவரத்துக் குறியீட்டில் 2018-இல் 39-ஆவது இடம், 3.27 மதிப்பெண். 2023-இல் 43-ஆவது இடம், 3.3 மதிப்பெண். இடம் சரிந்திருக்கிறது, மதிப்பெண் சரியவில்லை. இடையில் நாடுகளின் எண்ணிக்கையும் 160-லிருந்து 139 ஆகிவிட்டது. 'பின்னடைவு' என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

ஒரே கூட்டு மதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால், ஒப்பிடும் நாடுகளை முதலில் முடிவு செய்யுங்கள்: தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா. ஒவ்வொரு குறியீட்டிலும் இந்த ஆறு நாடுகளின் மதிப்பெண்ணில் மிகக் குறைந்ததை 0, மிக உயர்ந்ததை 100 என்று வைத்து மற்றவற்றை இடையில் பொருத்துங்கள். முதலில் சம எடை. பிறகு ஒவ்வொரு எடையையும் கால் பங்கு கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அப்போது வியட்நாமின் வரிசை மாறினால், அந்தக் கூட்டு எண்ணை அறிக்கையில் சேர்க்க வேண்டாம்.

சரக்குப்பெட்டி

மேலே சொன்னது சரி. ஆனால் வியட்நாம் விஷயத்தில் வேறொரு பொறி இருக்கிறது: ஒரே தொழிற்சாலை பல குறியீடுகளில் திரும்பத் திரும்ப எண்ணப்படுகிறது.

புத்தாக்கக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் மொத்தத்தில் 44. உள்ளீட்டில் 53, வெளியீட்டில் 36. 'குறைவாகப் போட்டு நிறைய எடுக்கிறார்கள்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். வியட்நாம் உலகில் முதலிடம் பிடிக்கும் அளவீடுகளில் உயர்தொழில்நுட்ப இறக்குமதியும் உண்டு, உயர்தொழில்நுட்ப ஏற்றுமதியும் உண்டு. சிப்பும் திரையும் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து இறங்கும்போது அது உள்ளீடு. வடக்கு மாகாணங்களான பாக் நின்னிலோ தாய் நுயெனிலோ கைபேசியாகப் பூட்டி ஏற்றும்போது அது வெளியீடு. ஒரே பொருள் இரண்டு பக்கமும் மதிப்பெண் வாங்கித் தருகிறது. நாட்டின் ஆராய்ச்சிச் செலவோ ஜிடிபியில் 0.4% அளவுதான். புத்தாக்கம் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த 36-ஐ அப்படியே உள்நாட்டுத் திறன் என்று படித்தால் தவறு.

வணிகப் பகுதிக்கு நான்கு எண்கள் போதும். 2024-இல் ஏற்றுமதி 40,550 கோடி டாலர், ஜிடிபி 47,600 கோடி டாலர் அளவு. ஏற்றுமதி மட்டும் ஜிடிபியில் 85%. அந்த ஏற்றுமதியில் 70%க்கு மேல் அந்நிய முதலீட்டு நிறுவனங்களுடையது. அந்த நிறுவனங்களுக்கு (கச்சா எண்ணெயும் சேர்த்து) ஏறத்தாழ 5,000 கோடி டாலர் வர்த்தக மிகை. உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,500 கோடி டாலர் பற்றாக்குறை. நாட்டின் மொத்த மிகையைப் பார்த்தால் இந்தப் பிளவு கண்ணில் படாது. அடுத்து, வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் மதிப்புக்கூட்டு வர்த்தகத் தரவுத்தளம் (பொருளின் முழு விலையை அல்ல, ஒவ்வொரு நாடும் அதில் சேர்த்த மதிப்பை மட்டும் எண்ணுவது): வியட்நாம் ஏற்றுமதியின் மதிப்பில் பாதியை ஒட்டிய பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. இந்தத் தரவு சில ஆண்டுகள் பின்தங்கியே வரும், ஆண்டை மறக்காமல் எழுதுங்கள்.

செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று. சுங்கத் தரவில் எச்எஸ் (பன்னாட்டுச் சரக்கு வகைப்பாடு) 85-ஆம் அத்தியாயத்தை, அதாவது மின்சார, மின்னணுப் பொருள்களை, நீக்கிவிட்டு ஏற்றுமதி வளர்ச்சியை மறுபடி கணக்கிடுங்கள். கைபேசி 8517, சிப் 8542, இரண்டும் அதில்தான் வரும். மீதியில் துணி, காலணி, மரச்சாமான், காபி, கடலுணவு போன்றவை தெரியும். கணினி 8471 என்பது 84-இல் இருக்கிறது. அதையும் தனியாக எடுத்துவிடுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

முதலீட்டிலும் கவனம் வேண்டும். 2024-இல் பதிவான அந்நிய முதலீடு 3,823 கோடி டாலர், உண்மையில் இறங்கியது 2,535 கோடி. செய்தியில் பெரிய எண்தான் வரும். நீங்கள் இறங்கியதை எடுங்கள். வரிச் சலுகையின் ஈர்ப்பும் பழையபடி இல்லை. பொது நிறுவன வரி 20%. உயர்தொழில்நுட்பத் திட்டங்களுக்கு 15 ஆண்டுகள் 10% வரி, அதிலும் முதல் 4 ஆண்டுகள் முழு விலக்கு, அடுத்த 9 ஆண்டுகள் பாதி என்று இருந்தது. 2024 ஜனவரி முதல் 15% குறைந்தபட்ச வரி வந்துவிட்டதால், உலக அளவில் 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள குழுமங்களுக்கு அந்தக் கவர்ச்சி பெருமளவு போய்விட்டது. சிறிய முதலீட்டாளருக்கு அது பொருந்தாது. 'வரிச் சலுகை' என்று ஒரே வரியில் எழுதினால் இருவரில் ஒருவருக்குத் தவறான தகவல் போகும்.

சந்தைச் சார்பையும் சேருங்கள். வியட்நாம் கணக்குப்படி 2024-இல் அமெரிக்காவுக்குப் போனது 11,950 கோடி டாலர், மொத்தத்தில் 29%க்கு மேல். அமெரிக்கச் சுங்கக் கணக்கில் அதுவே 13,660 கோடி. மூன்றாம் நாடு வழியாகப் போகும் சரக்கை இரு தரப்பும் வேறு வேறாகப் பதிவு செய்வது இதற்கு ஒரு காரணம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா 46% வரி அறிவித்து, ஆகஸ்டில் 20% ஆக்கி, வேறு நாட்டுப் பொருளை வியட்நாம் வழி அனுப்பினால் 40% என்று வைத்தது இந்தப் பின்னணியில்தான். உள்நாட்டு மதிப்பு எவ்வளவு என்ற கேள்வி அன்றிலிருந்து நேரடியாக வரிக் கேள்வியாகிவிட்டது.

முனையம்

டிஜிட்டல் பக்கம் சொல்கிறேன்.

16.5%, 12% இரண்டும் 'சரி'தான், வரையறை வேறு. முதலாவது அப்போதைய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் மதிப்பீடு (அந்த அமைச்சகம் 2025 மார்ச்சில் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தோடு இணைந்துவிட்டது). மற்றத் துறைகளில் டிஜிட்டல் ஊடுருவியதால் வந்த பங்கை அது தாராளமாகச் சேர்க்கிறது. இரண்டாவது புள்ளிவிவர அலுவலகத்தின் மதிப்புக்கூட்டுக் கணக்கு. ஒப்பீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். 2025-க்குள் 20% என்ற அரசு இலக்கை எட்டியதா என்று எழுதும்போது எந்தக் கணக்கில் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் இருக்கும். இன்னொன்று: தகவல் தொழில்நுட்பத் துறை என்ற வகைப்பாட்டிலேயே மின்னணு உற்பத்தியும் அடங்கும். சரக்குப்பெட்டி சொன்ன அதே கைபேசித் தொழிற்சாலை இங்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கூகுள், டெமாசெக், பெய்ன் மூன்றும் சேர்ந்து வெளியிடும் இணையப் பொருளாதார அறிக்கையில் வியட்நாமுக்குச் சொல்லும் 3,600 கோடி டாலரை (2024) ஜிடிபியால் வகுத்து 7.6% என்று எழுதுபவர்கள் உண்டு. அது விற்பனையின் மொத்த மதிப்பு. ஜிடிபி மதிப்புக்கூட்டு. ஒன்றை மற்றொன்றால் வகுக்கக் கூடாது.

மின்னாளுகைக் குறியீட்டில் 2022-இல் 86, 2024-இல் 71. மதிப்பெண் 0.7709, 0.75-ஐத் தாண்டினால் 'மிக உயர்' பிரிவு, அதனால்தான் அந்தப் பிரிவு முதன்முறை கிடைத்தது. இணையச் சேவை, தொலைத்தொடர்பு வசதி, மனித மூலதனம் மூன்றுக்கும் சம எடை. அரசின் சேவையை அளக்கும் குறியீடு இது. நிறுவனங்களின் மென்பொருள் திறனை இதிலிருந்து ஊகிக்க முடியாது. ஐஎம்டிக்கு மாற்றாக இதை மட்டும் வைத்தால் பாதிப் படம்தான். ஐஎம்டி பார்க்கும் மூன்று கூறுகளான அறிவு, தொழில்நுட்பம், எதிர்காலத் தயார்நிலைக்கு நீங்களே தரவு கட்டலாம். அறிவுக்கு, தொழிலாளரில் பட்டமோ சான்றிதழோ உள்ளவர் விகிதம்: 2024-இல் 28% அளவு. 2030-க்குள் குறைக்கடத்தித் துறைக்கு 50,000 பொறியாளர்கள் என்ற இலக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த இடம்தான் மிகவும் கவலை தருகிறது; இணையக் கேபிளைக் காசு கொடுத்துப் போட்டுவிடலாம், பொறியாளரை அப்படி உருவாக்க முடியாது.

தொழில்நுட்பத்துக்கு இணைய வேகப் பட்டியலோடு நிற்காதீர்கள். அது வீட்டுவாசல் வரையிலான வேகம். 2023 தொடக்கத்தில் நாட்டின் ஐந்து கடலடி கேபிள்களிலும் ஒரே சமயத்தில் பழுது இருந்தது. அப்போது உள்நாட்டுத் தளங்கள் ஓடும், வெளிநாட்டுச் சர்வர் தடுமாறும். பிறகு எஸ்ஜேசி2, ஏடிசி கேபிள்கள் சேர்ந்திருக்கின்றன. சேவை ஏற்றுமதிக்கு வேண்டியது சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் தரவு போய்த் திரும்பும் நேரமும் பாக்கெட் இழப்பும் (வழியில் தொலையும் தரவின் பங்கு)தான். இரண்டு வாரமாவது, மாலை நெரிசல் நேரத்தையும் சேர்த்து அளந்தால்தான் நம்பலாம்.

மின்சாரமும் டிஜிட்டல் கணக்கில்தான் வரும். 2023 மே, ஜூனில் வடக்கில் அணைகள் வற்றி மின்வெட்டு ஏற்பட்டது. உலக வங்கியின் மதிப்பீட்டில் இழப்பு 140 கோடி டாலர், ஜிடிபியில் 0.3%. மின்னணுத் தொழிற்சாலைகள் குவிந்திருப்பதும் அதே வடக்கில்தான். நடுப்பகுதியிலிருந்து வடக்குக்கு 519 கிலோமீட்டர் நீளத்தில் 500 கிலோவோல்ட் மின்தடம் 2024 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. எந்தத் தரவரிசையிலும் இது உடனே தெரியாது.

சட்டத்தைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். 2022-இன் ஆணை 53-இன்படி உள்நாட்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட வகைத் தரவை நாட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும், குறைந்தது 24 மாதங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு, பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் கேட்டால்தான். கேட்ட பிறகு 12 மாத அவகாசம். ஆனால் அங்கே பதிவு செய்த துணை நிறுவனம் 'உள்நாட்டு' நிறுவனம்தான், தாய் நிறுவனம் எங்கிருந்தாலும். 2026 ஜனவரி 1 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இந்தத் துறையில் விதிகள் வேகமாக மாறுகின்றன. எந்தத் தேதியில் அமலில் இருந்த வாசகம் என்று போடாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

நெய்தல்

மிக்க நன்றி. சராசரியை எடுத்துவிட்டேன். மாகாண அளவில் நம்பத்தக்க தரவு உண்டா? முழு நாட்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் துறைமுக நகரமான ஹாய் ஃபோங்கும் மலைப் பகுதியும் ஒன்றாகிவிடும் அல்லவா?

எண்கணக்கன்

உண்டு. வியட்நாம் வணிகத் தொழிற் கூட்டமைப்பின் மாகாணப் போட்டித்திறன் குறியீடு, 2005 முதல் வருகிறது. நிறுவனங்களையே கேட்டுத் தொகுப்பது. 10 துணைக் குறியீடுகள். நிலம் கிடைப்பது, சோதனைகளுக்குச் செலவாகும் நேரம், கணக்கில் வராத கையூட்டு எல்லாம் அதில் தனித்தனியாக வரும். 2017 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் குவாங் நின் முதலிடம், 2024-இல் ஹாய் ஃபோங்.

ஒரு எச்சரிக்கை: 2025 ஜூலை 1 முதல் 63 மாகாணங்கள் 34 ஆகிவிட்டன. பாக் நின் இப்போது பாக் ஜாங்கையும் சேர்த்தது, தாய் நுயென் பாக் கானையும் சேர்த்தது. பெயர் அதே, எல்லை வேறு. பழைய பாக் நின்னின் எண்ணைப் புதிய பாக் நின்னுக்குப் பக்கத்தில் வைத்தால் வரைபடத்தில் பொய்யான ஒரு மேடோ பள்ளமோ வரும். தொடர்வரிசையை 2024-இல் நிறுத்துங்கள், அல்லது பழைய இரண்டு மாகாணங்களையும் தொழிலாளர் எண்ணிக்கையை எடையாக வைத்துச் சேருங்கள்.

சரக்குப்பெட்டி

உள்நாட்டு நிறுவனங்களின் திறனைக் காட்ட, வெளியே போகும் முதலீட்டையும் ஒரு வரி சேர்க்கலாம். வியட்நாமின் மின்கார் நிறுவனமான வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் கார் ஆலையைத் திறந்தது; தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000. தமிழில் படிப்பவருக்கு உடனே பிடிபடும் எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனத்தை வைத்து ஒரு நாட்டை எடைபோட வேண்டாம், குறிப்பாக மட்டும் வையுங்கள்.

எச்எஸ் 85-ஐ நீக்கிய கணக்கைப் பின்னிணைப்பில் போடாதீர்கள். மொத்த ஏற்றுமதிப் பத்தியை ஒட்டி, அதே அட்டவணையில் இரண்டாவது பத்தியாக வர வேண்டும்.