புயல் காலத்துக்கு முன் கரியாக்கூவிலிருந்து கிரெனடாவுக்கு: கடைசி ஓட்டமும் படகைக் கரையேற்றுவதும்

கேள்வி

வணக்கம். நானும் என் மனைவியும் 11 மீட்டர் நீளமுள்ள எங்கள் பாய்மரப் படகுடன் இப்போது கரீபியன் கடலிலுள்ள யூனியன் தீவில் நங்கூரமிட்டிருக்கிறோம். கிரெனடாவின் தென்கரையிலுள்ள ஒரு படகுத்துறையில் படகைக் கரையேற்றிவிட்டு, புயல் காலம் முடியும்வரை விடுமுறைக்கு ஊர் சென்று வருவதாகத் திட்டம். விமானச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. வழியிலுள்ள கரியாக்கூ தீவிலிருந்து தென்கரை வரை ஒரே பகலில் ஓடிவிட முடியுமா? வழியில் கடலுக்கடியில் உள்ள கிக்கெம் ஜென்னி எரிமலையை எந்தப் பக்கமாகக் கடப்பது நல்லது? கரையேற்றிய பின், படகின் அடிப்பகுதித் துளைகளிலுள்ள கடல்நீர் வால்வுகளை மூடி வைக்க வேண்டுமா, திறந்து வைக்க வேண்டுமா என்பதிலும் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள்.

பதில் 1

தூரத்தை மட்டும் பார்த்தால் முடியும் என்றுதான் தோன்றும். கரியாக்கூவின் டிரெல் விரிகுடாவிலிருந்து கிரெனடாவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸ் வரை சுமார் 30 கடல்மைல்தான். அதிலும் முதல் பாதியில் கிழக்குக் காற்று பக்கவாட்டில் கிடைப்பதால் படகு நன்றாகவே ஓடும். ஆனால் கிரெனடாவின் மேற்குக் கரையை அடைந்ததும் மலைகள் காற்றை மறைத்துவிடும். அங்கே சிறிது நேரம் பாய் தொங்கிக் கிடக்கும்; அடுத்த கணம் பள்ளத்தாக்கு வழியாக ஒரு வீச்சு வந்து படகைச் சாய்க்கும். அந்தப் பகுதியை இயந்திரத்தின் துணையோடு கடப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. உண்மையான சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தென்மேற்கு முனையான பாயின்ட் சலீன்ஸைச் சுற்றிக் கிழக்கே திரும்பியவுடன் காற்று, அலை, நீரோட்டம் மூன்றும் எதிரே நிற்கும். தென்கரை நெடுகப் பவளப்பாறைகள் வேறு. மாலை வெயில் தண்ணீரில் பட்டுப் பளபளக்கும் நேரத்தில் அப்பாறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே முதல் நாள் செயின்ட் ஜார்ஜஸில் தங்கி, மறுநாள் காற்று வலுக்கும் முன் அதிகாலையில் புறப்பட்டு, வெயில் நன்கு ஏறிய பிறகு பாறைகளுக்கிடையே நுழைவதே என் பரிந்துரை.

எரிமலையைப் பொறுத்தவரை, அது கிரெனடாவுக்கு வடக்கே சுமார் 8 கி.மீ. தொலைவில், ஐல் டி ரோண்ட் தீவுக்கு மேற்கே இருக்கிறது. சாதாரண நாள்களில் அதைச் சுற்றி 1.5 கி.மீ. தூரத்துக்குள் நுழையக் கூடாது. எச்சரிக்கை நிலை உயர்ந்தால் அது 5 கி.மீ. ஆகிவிடும். வாயுக் குமிழிகள் மிகுந்து எழும்போது நீரின் அடர்த்தி குறைந்து, மிதப்பாற்றலும் குறையும் என்பதே முக்கிய அச்சம். அங்கே நீரோட்டம் மேற்கே, அதாவது எரிமலையின் பக்கமாகவே தள்ளும் என்பதால், படகின் முகம் எங்கே பார்க்கிறது என்பதை நம்பாமல், படகு உண்மையில் எந்தத் தடத்தில் நகர்கிறது என்பதைப் பார்த்து, ரோண்ட் தீவை ஒட்டியே இறங்குங்கள். புறப்படும் முன் எச்சரிக்கை நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 5 கி.மீ. தடை இருந்தால் ரோண்டுக்குக் கிழக்கே செல்லுங்கள்.

பதில் 2

ஒரே ஒரு சேர்க்கை: யூனியன் தீவு செயின்ட் வின்சென்ட்டும் கிரெனடைன்ஸும் என்ற நாட்டைச் சேர்ந்தது, கரியாக்கூ கிரெனடாவைச் சேர்ந்தது. எனவே யூனியனில் வெளியேறும் முத்திரையும் கரியாக்கூவில் நுழைவு முத்திரையும் பெற்றுவிட்டால், கிரெனடாவில் மறுபடி அலைய வேண்டியதில்லை.

வால்வுகளைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வருவதற்குக் காரணம், மிதக்கும் படகையும் கரையேறிய படகையும் ஒன்றாகப் பேசுவதுதான். மிதக்கும் படகில் மூட வேண்டும். கரையில் நிற்கும் படகிலோ, மூடிய வால்வுதான் ஆபத்து. தளத்தின் வடிகால் அந்த வால்வு வழியாக வெளியேறும் படகில், மழைநீர் வெளியேற வழியின்றித் தளத்தில் தேங்கி உள்ளே இறங்கினால், தரைப்பலகைக்கு மேலே ஏறி, இயந்திரத்தையும் மின்கலங்களையும் மூழ்கடிக்கும். திறந்து வைத்து, வெளித்துளைகளில் பூச்சிகள் கூடு கட்டாதபடி மெல்லிய கம்பிவலை பொருத்துங்கள். அதற்கு முன், இயந்திரத்தின் குளிர்நீர்ப் பாதையிலும் கழிவறைக் குழாய்களிலும் நன்னீர் ஓடவிடுங்கள். குழாயில் தேங்கிய கடல்நீர் மாதக்கணக்கில் கிடந்தால் எழும் அழுகிய முட்டை நாற்றத்தை எந்த நறுமணமும் மறைக்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு நாளாகவே பிரித்துக்கொள்கிறோம். முன்பாயைச் சுருட்டி உறையிட்டு இறுகக் கட்டினால் போதாதா? கழற்றி மடிக்க இடமும் நேரமும் குறைவு.

பதில் 3

போதாது. 2004-இல் ஐவன் புயல் கிரெனடாவையே தாக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் நான்காம் வகைப் புயலாகக் கரியாக்கூவில் கரையேறியது. 12 பாகை அகலாங்கில் இருப்பதால் புயல் வராது என்ற நம்பிக்கை இப்போது யாருக்கும் இல்லை. சுருட்டிய பாயின் ஒரு நுனி காற்றில் அவிழ்ந்தால் போதும், முழுப் பாயும் விரிந்து, கரையில் படகைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால்களிலிருந்து அதைத் தள்ளிவிடும். பக்கத்துப் படகும் சேர்ந்து சாயும். அதனால் எல்லாப் பாய்களையும் கழற்றுங்கள். இதற்காகவே விமானத்துக்கு முன் சில நாள்களை ஒதுக்கிவைப்பது நல்லது. படகுத்துறையில் முட்டுக்கால்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறார்களா, மழையில் புதையாதபடி ஒவ்வொன்றின் அடியிலும் பலகை வைத்திருக்கிறார்களா, படகைத் தரையோடு பட்டையால் கட்டித் தருவார்களா என்று நீங்கள் அங்கே இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.