புறப்படும்போது உதறும் 48 வோல்ட் ஹப் மோட்டார்: கன்ட்ரோலர் மாற்றியும் சரியாகவில்லை

ஒத்தக்கடை பூக்கடை:
வணக்கம். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை எடுத்து வர ஒரு மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி நான்கு, பின்சக்கரத்துக்குள்ளேயே பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மோட்டார். மழைத் தண்ணீரில் ஓட்டியதிலிருந்து த்ராட்டிலைத் திருகினால் சக்கரம் உதறி உறுமுகிறது, நகர மாட்டேன் என்கிறது. காலால் உந்திவிட்டால் ஓடும், ஆனால் இழுவை இல்லை; மூட்டையோடு பாலம் ஏறாது. மெக்கானிக் மோட்டாருக்கு மின்சாரத்தைப் பிரித்து விடும் கன்ட்ரோலர் பெட்டியைப் புதிதாக மாட்டினார், அதே உதறல். இப்போது மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

மேலூர் ரோடு:
பேட்டரியைப் பாருங்க அண்ணே. சுமை ஏறும்போது வோல்ட் விழுந்தால் இழுவை போய்விடும்.

வைண்டிங் பட்டறை:
பேட்டரி இறங்கினால் வண்டி சோர்ந்து போகும், பெரும்பாலும் இப்படி உதறாது. மோட்டாரை இப்போதைக்குத் தொட வேண்டாம். எனக்கு ஹால் சென்சார் மேல்தான் சந்தேகம்.

இந்த மோட்டாரில் பிரஷ் கிடையாது. சக்கரத்தோடு சுற்றும் காந்தம் எங்கே நிற்கிறது என்று மூன்று ஹால் சென்சார்கள் சொல்ல, அதை வைத்துத்தான் மூன்று ஃபேஸில் (மோட்டார் சுருளின் வயர்கள்) எந்த இரண்டுக்கு மின்சாரம் விடுவது என்று கன்ட்ரோலர் முடிவு செய்யும். மூன்றாவது ஃபேஸ் அப்போது சும்மா இருக்கும். ஆறு நிலைகள் மாறி மாறி வரும். மூன்று சென்சாரும் ஒரே நேரத்தில் 0 ஆகவோ (வோல்ட் இல்லை) 1 ஆகவோ (வோல்ட் உண்டு) வரவே கூடாது. ஒரு சென்சார் 1-லேயே சிக்கிக்கொண்டால் ஆறில் மூன்று நிலைதான் சரியாக வரும். இரண்டில் 60 டிகிரி தப்பான ஃபேஸுக்குப் போகும், ஒன்றில் மூன்றும் 1 ஆகி கன்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்திவிடும். சக்கரம் அந்த இடத்தில் நின்றிருந்தால் புறப்படாது. உந்தினால் வேகத்தில் தாண்டிவிடும். நீங்கள் சொல்வதும் அதுதானே?

சென்டர் ஸ்டாண்ட் போட்டு சாவியைத் திருப்புங்கள், த்ராட்டிலைத் தொடாதீர்கள். ஹால் கப்ளரில் (சென்சார் வயர்கள் கன்ட்ரோலரோடு சேரும் இணைப்பு) சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே 5 வோல்ட் அளவில் இருக்கிறதா பாருங்கள். பிறகு மீட்டரின் கருப்பு முனையைக் கருப்பு வயரிலேயே வைத்து, மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொன்றும் 0, 5 என்று மாற வேண்டும்.

ஒத்தக்கடை பூக்கடை:
பச்சையும் நீலமும் மாறுகின்றன. மஞ்சள் 5-லேயே நிற்கிறது.

வைண்டிங் பட்டறை:
சரி. சென்சார் 0-க்கு இழுக்க மட்டுமே செய்யும். 5 வோல்ட் கன்ட்ரோலர் பக்கத்திலிருந்து வருவது. அதனால் வயர் அறுந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். கேபிள் ஆக்சிலை விட்டு வெளியே வரும் இடத்தை ஆட்டிக்கொண்டே சுற்றிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் மூடியைக் கழற்றி சென்சார் மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். சென்சார் விலை அற்பம், கூலிதான் அதிகம்.

மேலூர் ரோடு:
சைன் வேவ் கன்ட்ரோலர் போட்டால் உதறல் போகும் என்கிறார்களே?

வைண்டிங் பட்டறை:
தம்பி, அதற்கும் காந்தம் நிற்கும் கோணம் தெரிய வேண்டும். ஃபேஸ் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி மாற்றாமல் அலைபோல் ஏற்றி இறக்குவதால் சத்தம் குறையும், ஓட்டம் வழவழப்பாக இருக்கும். அறுந்த வயரை அது ஒட்டவைக்காது. சென்சாரே இல்லாமல் ஓட்டும் வகை, சுற்றும்போது சுருளில் எழும் எதிர் வோல்டேஜைப் பார்த்து ஓடும். நின்ற மோட்டாரில் அந்த வோல்டேஜ் ஏது? ஃபேனுக்கு அது போதும், மூட்டை ஏற்றிய வண்டிக்கு லாயக்கில்லை.

ஒத்தக்கடை பூக்கடை:
ஆட்டியதும் மஞ்சள் 0-க்கு வந்தது! ஆக்சில் நட்டு பக்கத்தில் உறை தேய்ந்து வயர் அறுந்திருக்கிறது. சாலிடர் வைத்து ஸ்லீவ் போட்டாயிற்று, தொட்டதும் கிளம்புகிறது. பழைய கன்ட்ரோலரைக் காயலான் கடைக்குப் போடலாமா?

வைண்டிங் பட்டறை:
போடாதீர்கள், அது நன்றாகவே இருக்கலாம். பேட்டரி, மோட்டார் எதுவும் இணைக்காமல் மீட்டரை டயோடு நிலையில் வைத்து, கருப்பு முனை பேட்டரி பிளஸ் வயரில், சிவப்பு முனை ஒவ்வொரு ஃபேஸிலும். மூன்றும் 0.5 வோல்ட்டுக்குப் பக்கமாக ஒரே மாதிரி வர வேண்டும். அப்புறம் சிவப்பு முனை மைனஸில், கருப்பு ஃபேஸில். எங்காவது 0 காட்டிப் பீப் அடித்தால் அந்த ஃபேஸுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், அதாவது மாஸ்ஃபெட், போயிற்று.