மியூசியம் யார்டுல கிடக்குற பார்ட்ஸ் எதோடதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கேள்வி:
மியூசியம் பின்னாடி யார்டுல பழைய ராணுவ சாமானெல்லாம் பிரிச்சு வைக்கிறோம், ரெக்கார்டு ஒண்ணுமே இல்ல. டாங்க் செயின் பிளேட் கொஞ்சம் இருக்கு, 500 மி.மீ அகலம், சிலதுல நடுவுல கொம்பு மாதிரி நீட்டிட்டிருக்கு, சிலது மொட்டை. அலுமினிய பிராக்கெட் ஒண்ணு, நம்பர் 109ன்னு ஆரம்பிக்குது. அப்புறம் டயல் மஞ்சளாகிப்போன விமான மீட்டர். யாராச்சும் சொல்லுங்க.

பதில் 1:
செயின் டி-34 (ரெண்டாம் உலகப் போர் கால சோவியத் டாங்க்) மாதிரி தெரியுதுங்க. அதுல கொம்பு ஒண்ணு மொட்டை ஒண்ணுன்னு மாத்தி மாத்தி கோர்த்திருப்பாங்க, அந்தக் கொம்பைத்தான் பின்னாடி டிரைவ் வீல்ல இருக்குற ரோலர் புடிச்சு இழுக்கும், ஆனா எஸ்யு-85, எஸ்யு-100ங்குற சோவியத் பீரங்கி வண்டிகள்லயும் இதே டைப் செயின்தான், அதனால அவசரப்பட்டு டி-34ன்னு போர்டு எழுதிடாதீங்க.

பதில் 2:
109க்கு அப்புறம் புள்ளி இருக்கா பாருங்க, இருந்தா மெஸ்ஸர்ஷ்மிட் 109ங்குற ஜெர்மன் போர் விமானத்தோட பார்ட்டா இருக்க நல்ல சான்ஸ். வயர் பிரஷ் மட்டும் போடாதீங்க சாமி, இன்ஸ்பெக்ஷன் முத்திரை எல்லாம் வழிச்சிட்டு போயிடும். வேற எதுலயாவது 13 இலக்க நம்பர் இருந்தா அது நேட்டோ ராணுவக் கூட்டணியோட ஸ்டாக் நம்பர், அஞ்சாவது ஆறாவது இலக்கம் நம்பர் குடுத்த நாட்டைக் காட்டும், 99னா பிரிட்டன், 12னா ஜெர்மனி.

பதில் 3:
மீட்டரை திறக்கவே திறக்காதீங்க!! டயல்ல இருக்குறது இருட்டுல மின்னுற, கதிரியக்கம் உள்ள ரேடியம் பெயிண்டா இருக்கலாம். இருட்டுல மின்னலைன்னா சேஃப்னு அர்த்தம் இல்ல, பெயிண்ட்ல வெளிச்சம் குடுக்குற ஜிங்க் சல்பைடுதான் செத்திருக்கும், ரேடியம் பாதியா குறையவே 1600 வருஷம் ஆகும். கவர்ல போட்டு தனியா வச்சுட்டு கதிரியக்கம் அளக்குற கைகர் கவுண்டர்ல செக் பண்ணுங்க.

கேள்வி கேட்டவர்:
புள்ளி இருக்கு! போட்டோ போடுறேன். மீட்டரை தனியா எடுத்து வச்சாச்சு.