மாடஸ்டியை வரைந்த கைக்கு மட்டக்களப்பில் ஓர் அஞ்சலி

கல்லடி வாசகன் எழுதியது:

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மாடஸ்டி பிளைஸி என்ற படக்கதை நாயகியைப் பல ஆண்டுகள் வரைந்த ஸ்பானிய ஓவியர் என்ரிக் படியா ரொமேரோ 2024 பெப்ரவரியில் தமது 93 ஆவது வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 2023 டிசம்பர் இறுதியில், அதே மாடஸ்டியைச் சில காலம் வரைந்த ஆங்கிலேய ஓவியர் ஜோன் பேர்ன்ஸும் மறைந்திருந்தார். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 1984 இல் தொடங்கியபோது அதன் முதல் இதழின் நாயகியே மாடஸ்டிதான் என்பதால், எங்கள் தலைமுறைக்கு இவ்விரு மறைவுகளும் தொலைவில் நடந்தவையாகத் தோன்றவில்லை.

இவர்களுக்கும், நாம் வாசித்து வளர்ந்த மற்றைய படக்கதை ஓவியர்களுக்கும் மட்டக்களப்பில் ஒரு மாலை நேர அஞ்சலி நடத்த விரும்புகிறேன். இதைச் சொன்னபோது ஒரு நண்பர், "மாடஸ்டி சாகவில்லையே, முகமும் அறியாத ஒரு மனிதருக்கு நாம் எதற்காக அஞ்சலி செலுத்த வேண்டும்?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. பழைய இதழ்களின் அட்டையில் நாயகனின் பெயர் பெரிதாக இருக்கும். வரைந்தவரின் பெயரோ பல இதழ்களில் உள்ளே தேடினாலும் கிடைக்காது. பெயரே அறியாமல் ஒருவரை நேசித்திருக்கிறோம், அவர் இறந்த பிறகே அவரது பெயரைக் கற்றுக்கொள்கிறோம் என்பது என்னை மிகவும் வருத்துகிறது. அந்த நண்பருக்கு என்ன பதில் சொல்லலாம், அஞ்சலியில் யார் யாரை நினைவுகூரலாம், எதைக் காட்சிக்கு வைக்கலாம் என்று உங்கள் கருத்துகளை அறியத் தருவீர்களா?

பாண்டிருப்பான் எழுதியது:

அண்ணன், உங்கள் நண்பருக்கான பதில் மாடஸ்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1963 இல் இலண்டன் நாளிதழொன்றில் எழுத்தாளர் பீட்டர் ஓ'டொனலும் ஓவியர் ஜிம் ஹோல்டவேயும் அந்தத் தொடரை ஆரம்பித்தார்கள். 1970 இல், ஒரு கதை பாதியில் ஓடிக்கொண்டிருந்த வேளையிலேயே, ஹோல்டவே இறந்துவிட்டார். நாளிதழ்த் தொடர் ஒரு நாளும் நிற்க முடியாது என்பதால், மற்றொருவர் பாதியில் விட்ட கதையைத் தொடர்ந்து வரையும் பொறுப்பு ரொமேரோவிடம் வந்தது. எழுத்தாளர் மாறவில்லை, கதையும் மாறவில்லை, ஆனால் மாடஸ்டி மாறிவிட்டாள். ஹோல்டவேயின் மாடஸ்டி நிழலும் கீறலுமாக எப்போதும் எதையோ யோசித்துக்கொண்டிருப்பவள். ரொமேரோவின் மாடஸ்டி வழுவழுப்பான கோட்டில், ஒளி நிறைந்த முகத்தோடு வருபவள். பெயரறியாத சிறுவர்களாகிய நாங்களும் "இது மற்ற மாடஸ்டி" என்று ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வோம். பாத்திரம் சாகவில்லை என்பது உண்மையே. எனினும் ஒவ்வொரு ஓவியருடனும் ஒரு மாடஸ்டி போய்விடுகிறாள், அவளை வேறு எவராலும் திரும்ப வரைய முடியாது.

ரொமேரோ 1978 வரை வரைந்து விலகினார். பின்னர் 1986 இல் திரும்பி வந்து, 2001 இல் தொடர் முடியும் வரை வரைந்தார். ஆகவே தொடரின் கடைசிப் படவரிசையும் அவருடையதே. ஹோல்டவேயின் பக்கமொன்றையும் ரொமேரோவின் பக்கமொன்றையும் அருகருகே வைத்தால், உங்கள் நண்பருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மருதமுனை வாசகர் எழுதியது:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். வில்லியம் வான்ஸைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் 'இரத்தப் படலம்' என்ற பெயரில் வாசித்த தொடரை வரைந்த பெல்ஜிய ஓவியர் அவர். பார்கின்சன் நோய் காரணமாக 2010 இல் வரைவதை நிறுத்தினார். 2018 மே மாதம் காலமானார். துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்தையும், கப்பலின் ஒவ்வொரு கயிற்றையும் பிசகின்றி வரைந்த கை அது என்பதை நினைக்கும்போது, அந்த நோய் அவரை எந்த இடத்தில் தாக்கியது என்பது தாங்க முடியாததாக இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் ஊருக்குள் வந்தபோது என் சேகரிப்பு முழுவதும் போய்விட்டது. அத்தனை உயிர்களை இழந்த ஊரில் புத்தகங்களைப் பற்றிப் பேச எனக்கு நீண்ட காலம் நா எழவில்லை, இன்றும் தயங்கியே எழுதுகிறேன். வசனங்கள் எனக்கு மறந்துவிட்டன. ஆனால் தான் யாரென்றே அறியாத ஒருவன் கரையொதுங்கிக் கிடப்பதும், ஒரு முதிய தம்பதியர் அவனைக் காப்பாற்றுவதுமான அந்தத் தொடக்கக் காட்சியின் கட்டங்கள், பிரதி கையில் இல்லாத ஆண்டுகளிலும் மனத்தில் அப்படியே இருந்தன. அவற்றை எனக்குள் பதித்தவர் வான்ஸ்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடருக்கு வண்ணம் தீட்டியவர் அவரது மனைவி பெட்ரா. நாம் முதலில் வாசித்தவை கறுப்பு வெள்ளைப் பிரதிகள் என்பதால் அவரது உழைப்பு பல ஆண்டுகளாக நம்மை வந்தடையவில்லை. தமிழில் வண்ணப் பதிப்பு வந்தது 2018 இல், வான்ஸ் மறைந்த அதே ஆண்டில். அஞ்சலியில் பெட்ராவின் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சித்திர ஆசிரியை, செங்கலடி எழுதியது:

மருதமுனை நானா சொன்ன கறுப்பு வெள்ளையைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. தாளும் அச்சும் தரக்குறைவாக இருந்தமைக்காக நாம் வருந்துவது வழக்கம். ஆயினும் வண்ணம் இல்லாத காரணத்தினால்தான் கோடு மட்டும் நம் கண்ணில் விழுந்தது, ஓவியரின் கையை நேரடியாகப் பார்த்துப் பழகினோம். பெயர் தெரியாமலேயே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய நமக்கு முடிந்ததற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

1972 இல் முத்து காமிக்ஸ் என்ற படக்கதை இதழ் இரும்புக்கை மாயாவியின் கதையோடு தொடங்கியது. அதை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஜெசூஸ் பிளாஸ்கோ. 1995 இல் மறைந்தார். மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் எஞ்சும். முகமும் இல்லாமல், உடலும் இல்லாமல், வெறுங்கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவசரத்தையும் கோபத்தையும் காட்ட வேண்டியிருந்தது அவருக்கு. ஒரு கதவின் கைப்பிடியை அந்தக் கை பற்றியிருக்கும் விதத்திலேயே, அங்கே இல்லாத தோளும் முழங்கையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது நமக்குப் புரிந்துவிடும். உடலமைப்பை முழுமையாகக் கற்றவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. என் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

கேப்டன் டைகர் என்ற படக்கதை நாயகனை வரைந்த ஜான் ஜிரோவையும் விட்டுவிட முடியாது. 2012 மார்ச் மாதத்தில் மறைந்த அவர், மோபியஸ் என்ற பெயரில் முற்றிலும் வேறொரு பாணியிலும் வரைந்தவர். அவர் இளமையில் ஜிஜே என்ற மூத்த ஓவியருக்கு உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் என்பதையும் குறிப்பிடுங்கள். நம் நாட்டவரில் கரவெட்டியைச் சேர்ந்தவரும் 'சிரித்திரன்' நகைச்சுவை இதழை நடத்திய ஓவியருமான சுந்தர் 1996 இல் மறைந்தார். அவரது கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித் தம்பர் இல்லாமல் இங்கே ஓர் அஞ்சலி முழுமையடையாது.

மாலையிட்ட படங்களை வரிசையாக வைப்பதோடு நின்றுவிடாமல், வந்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு கட்டத்தைப் பென்சிலால் பார்த்து வரையும்படி செய்யலாம். நன்றாக வர வேண்டும் என்பதில்லை. ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரமும் பொறுமையும் வேண்டும் என்பது கை வலிக்கும்போதுதான் தெரியும்.

கல்லடி வாசகன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாண்டிருப்புத் தம்பி சொன்ன இரண்டு பக்கங்களையும் வாசலிலேயே வைக்கவிருக்கிறேன், கேள்வி கேட்ட நண்பரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஓவியரின் பெயரை நாயகனின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதுவோம். பெட்ராவின் பெயர் வான்ஸின் பெயருக்கு அருகில் அதே அளவில் இருக்கும். ஆசிரியை சொன்னவாறு வரைவதற்கான தாளும் பென்சிலும் நான் ஏற்பாடு செய்கிறேன். கல்லடியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மண்டபத்தைப் போயா (முழுநிலா) விடுமுறை தினத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னிடம் இரும்புக்கை மாயாவியின் பழைய பிரதி எதுவும் இல்லை. அட்டை கிழிந்ததாயினும் பரவாயில்லை, அம்பாறை மாவட்டத்திலோ இங்கோ யாரிடமாவது இருந்தால் ஒரு நாளைக்குத் தந்துதவுங்கள். நானே நேரில் வந்து வாங்கிக்கொள்வேன்.